ஒன்ஸ் ஜாபிரும் எனது சீ.ஆர். கொப்பியும்

2022 ஜூலை 9. அன்று எங்கள் நாட்டில் அரபா நோன்பு. மறுநாள் ஹஜ் பெருநாள். எரிவாயு கிடைக்காத காலம் என்பதால் உம்மா வளவுக்குள் விறகடுப்பு மூட்டியிருந்தார். வாப்பாவின் மோட்டார் சைக்கிள் இரண்டு நாளாகப் பெற்றோல் வரிசையில் நின்றது. வீட்டுத் தொலைக்காட்சியை யாரும் காலையிலிருந்து அணைக்கவில்லை. கொழும்பிலே சனங்கள் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்துவிட்டார்கள், நீச்சல் தடாகத்தில் குளிக்கிறார்கள் என்று காட்சி மாறி மாறிப் போய்க்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டாரும் எங்கள் விறாந்தையில் வந்து குந்தியிருந்தார்கள்.

எனக்கு மட்டும் வேறொரு கவலை. விம்பிள்டன் பெண்கள் இறுதிப் போட்டி லண்டன் நேரப்படி பிற்பகல் இரண்டு மணிக்கு. அதாவது எங்களுக்கு மாலை ஆறரை. நோன்பு திறக்கும் நேரமும் அதை ஒட்டித்தான். "உம்மா, அரை மணித்தியாலம் மட்டும் செனலை மாத்தட்டா?" என்று கேட்டேன். மூத்தம்மா திரும்பிப் பார்த்த பார்வையில் அந்தக் கேள்வி முடிந்துவிட்டது. நாடே பற்றி எரிகிற நாளில் பந்து விளையாட்டா?

ஆகவே காக்காவின் கைபேசியை வாங்கிக்கொண்டு குசினி வாசற்படியில் இருந்தேன். டேட்டாவும் கொஞ்சம்தான் இருந்தது. படம் பார்க்க முடியாது. புள்ளிகளை மட்டும் பார்க்கலாம். ஒரு பேரீத்தம்பழம், தண்ணீர், பிறகு அந்தச் சின்னத் திரையில் இரண்டு பெயர்களும் இலக்கங்களும். முதலாவது செட் 6-3, ஒன்ஸ் ஜாபிருக்கு. நான் சத்தம் போட்டதில் அடுப்படியில் நின்ற உம்மா பயந்துபோனார். பிறகு 2-6. பிறகு மீண்டும் 2-6. எட்டரை மணிக்கு முன்னமே எல்லாம் முடிந்துவிட்டது. இறுதிப் போட்டியை நான் பார்க்கவில்லை, வாசித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

அப்போது நான் ஒன்பதாம் தரம். அன்றிரவே பழைய சீ.ஆர். கொப்பியொன்றின் பின்பக்கத்தைத் திருப்பி, அவரைப் பற்றி எழுதத் தொடங்கினேன். தோற்ற நாளில் தொடங்கிய கொப்பி அது. இன்றும் என்னிடம் இருக்கிறது.

முதலில் பெயரைப் பற்றி. எங்கள் பத்திரிகைகள் அதை ஜாபர், ஜபூர், ஜபியூர் என்று விதவிதமாக எழுதின. பிரெஞ்சு எழுத்துக்கூட்டலை ஆங்கில வழியாக வாசிப்பதால் வந்த குழப்பம். அரபியில் அது "உன்ஸ் ஜாபிர்". உன்ஸ் என்றால் ஒருவரோடு இருக்கையில் மனம் கொள்ளும் நெருக்கம், ஆறுதல். துனீசிய மக்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் இன்னும் நன்றாக இருக்கிறது: "மகிழ்ச்சி அமைச்சர்". விளையாட்டில் வென்றாலும் தோற்றாலும் சிரிக்க வைப்பவர் என்பதால் வந்த பெயர். எங்கள் அமைச்சர்கள் எல்லோரும் பதவி விலகிக்கொண்டிருந்த வாரத்தில் இதை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

1994 ஆகஸ்ட் 28 இல் துனீசியாவின் கஸர் ஹிலால் என்ற ஊரில் பிறந்தவர் அவர். வளர்ந்தது ஸூஸா நகரப் பக்கம், கடற்கரையோரம். தாய் ஸமீராவுக்கு டென்னிஸ் பொழுதுபோக்கு. மூன்று வயது மகளையும் கூட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போவாராம். பெரிய கழகமோ சொந்த மைதானமோ இல்லை. அருகிலிருந்த ஹோட்டல்களின் டென்னிஸ் தளங்களிலும் பயிற்சி நடந்தது. பன்னிரண்டு வயதில் பிள்ளையைத் தலைநகர் தூனிஸிலுள்ள விளையாட்டுப் பாடசாலைக்கு அனுப்பினார்கள். ஏறத்தாழ 140 கிலோமீற்றர். எங்கள் கிழக்கு மாகாணத்திலிருந்து கண்டிக்குப் பிள்ளையை அனுப்புவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தை உம்மாவுக்கு வாசித்துக் காட்டியபோது அவர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "பன்னிரண்டு வயசிலயா?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அந்தத் தாய்க்கு நல்ல தைரியம்" என்றார்.

அதற்குக் காரணம் உண்டு. எங்கள் உம்மாவின் பெயரும் ஒரு சாதனைப் பதிவில் இருந்தது. இதே கல்லூரியின் விளையாட்டுச் சாதனைப் பதிவேட்டில், மேற்பிரிவு நீளம் பாய்தல், 1997, 4.38 மீற்றர். அந்த வருடம் வலய மட்டப் போட்டி வேறோர் ஊரில் நடந்தது. அக்காலத்தில் எங்கள் பக்கத்துப் பாதைகள் எப்படி இருந்தன என்பதை இந்தச் சஞ்சிகையை வாசிக்கும் பெற்றோர் அறிவார்கள். மூத்தாப்பா போக விடவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. உம்மாவும் ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் 4.38 என்ற அந்த இலக்கம் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். தொலைபேசி இலக்கம் மாதிரி.

ஒன்ஸின் கதைக்கு வருகிறேன். 2011 இல் பதினாறு வயதில் பிரெஞ்சுப் பகிரங்கக் கனிஷ்ட பெண்கள் பட்டத்தை வென்றார். முதல் வருடம், 2010 இல், அதே போட்டியின் இறுதியில் தோற்றவர் அவர். கனிஷ்ட கிராண்ட் ஸ்லாம் ஒன்றை வென்ற முதல் அரபுப் பெண் என்று எழுதினார்கள். இனி எல்லாம் தானாக வரும் என்று எவரும் நினைப்பார்கள். வரவில்லை. பெரியவர்களின் உலகச் சுற்றில் அவருக்கு முதலாவது பட்டம் கிடைத்தது 2021 ஜூன் மாதம், இங்கிலாந்தின் பேர்மிங்ஹாமில். இடையில் சரியாகப் பத்து வருடம். இந்தப் பத்து வருடத்துக்கு என் கொப்பியில் ஒரு பக்கம்கூட நிரம்பவில்லை. சிறு நகரங்களில் சிறு போட்டிகள், காயங்கள், நூறாவது இடத்துக்கு அப்பால் ஏறியும் இறங்கியும் தரவரிசை. சாதனைப் பட்டியல் எழுதுகிறவர்கள் இந்த வருடங்களைத் தாண்டிப் போய்விடுவார்கள். நானும் அப்படித்தான் தாண்டிப் போனேன், எழுத ஒன்றும் கிடைக்காததால்.

ஆனால் 2020 இலிருந்து பக்கங்கள் நிரம்பத் தொடங்குகின்றன. அவ்வருடம் அவுஸ்திரேலியப் பகிரங்கப் போட்டிக்குப் போகும்போது அவர் உலகில் 78 ஆவது இடம். காலிறுதி வரை வந்தார். நான்கு கிராண்ட் ஸ்லாம்களில் எதிலுமே அதற்கு முன் ஓர் அரபுப் பெண் அவ்வளவு தூரம் வந்ததில்லை. 2021 இல் பேர்மிங்ஹாம். உலகச் சுற்றுப் பட்டம் வென்ற முதல் அரபுப் பெண். அதே வருடம் ஒக்டோபரில் முதல் பத்துக்குள் நுழைந்தார். ஆணோ பெண்ணோ, அரபு நாட்டவர் எவரும் அதற்கு முன் அந்தப் பத்துக்குள் இருந்ததில்லை. 2022 மே மாதம் மெட்ரிட்டில் ஜெசிக்கா பெகுலாவை 7-5, 0-6, 6-2 என்று வென்றார். நடு செட்டில் ஒரு கேம் கூட எடுக்காமல் தோற்றுவிட்டு மூன்றாவதை வென்றிருக்கிறார், கவனியுங்கள். அது 1000 தரப் போட்டி. கிராண்ட் ஸ்லாமுக்கு அடுத்த படி. ஜூனில் பேர்லின் பட்டம். 2022 ஜூன் 27 இல் உலகின் இரண்டாம் இடம்.

அதே ஜூனில்தான் செரீனா வில்லியம்ஸ் ஒரு வருட இடைவெளிக்குப் பிறகு ஈஸ்ட்போர்னில் விளையாட வந்தார். இரட்டையர் ஆட்டத்துக்குத் துணையாக அவர் சேர்த்துக்கொண்டது ஒன்ஸைத்தான். இரண்டு ஆட்டம் வென்றார்கள். பிறகு ஒன்ஸின் முழங்கால் நோவினால் விலகிக்கொண்டார்கள்.

அவரது ஆட்டம் எப்படிப்பட்டது என்று கேட்கும் தோழிகளுக்கு: இப்போதைய பெண்கள் டென்னிஸில் பெரும்பாலும் பின்கோட்டில் நின்று பலமாக அடிப்பதுதான் வழக்கம். ஒன்ஸ் அப்படியல்ல. எதிராளி அடுத்ததும் பலமான அடிதான் என்று பின்னால் காத்திருக்கும்போது, பந்தை வெட்டி, வலைக்கு அருகே மெல்ல விழ வைப்பார். அதற்கு ட்ரொப் ஷொட் என்று பெயர். எதிராளி ஓடி வந்து சேர்வதற்குள் பந்து இரண்டாம் முறை நிலத்தில் பட்டுவிடும். எங்கள் வலைப்பந்து அணியில் கட்டையான பிள்ளைகள் உயரமானவர்களை ஏமாற்றப் பார்ப்பார்களே, அந்தப் புத்தி.

என் கொப்பியைப் பார்த்து முதலில் சிரித்தவர் காக்கா. கணக்குப் படிப்பவர்; அவருக்கு எல்லாம் இலக்கம்தான். "மொத்தம் எத்தன பட்டம்?" என்று கேட்டார். இன்றைய கணக்கில் ஐந்து: பேர்மிங்ஹாம், மெட்ரிட், பேர்லின், 2023 இல் சார்ள்ஸ்டன், அதே வருடம் சீனாவின் நிங்போ. "ஸ்டெபி கிராப் நூற்றேழு. நவ்ரத்திலோவா நூற்று அறுபத்தேழு. செரீனாவுக்குக் கிராண்ட் ஸ்லாம் மட்டும் இருபத்து மூணு. உன்ட ஆளுக்குக் கிராண்ட் ஸ்லாம் சைபர். அரபுல முதலாவது, அரபுல முதலாவது எண்டு எழுதிரிக்காய். ஓடினது ஒரு ஆள் எண்டா முதலாவது வாறது என்ன கஷ்டம்?"

எனக்கு அழுகை வந்தது. ஆனால் அவர் கேட்டதில் ஒரு நியாயம் இருந்தது. ஆகவே "முதலாவது" என்று எழுதியிருந்த ஒவ்வொரு வரியையும் மறுபடி சரிபார்க்கத் தொடங்கினேன். இதைச் செய்தது காக்காவோடு வாதாடுவதற்காகத்தான்; அதனால் கிடைத்தவை வாதத்துக்கு அவ்வளவாக உதவவில்லை.

பத்திரிகைகள் "கிராண்ட் ஸ்லாம் இறுதிக்கு வந்த முதல் ஆபிரிக்கப் பெண்" என்று எழுதின. அது முழுச் சரியல்ல. 1927 இல் தென்னாபிரிக்காவின் ஐரீன் பௌடர் பீகொக் பிரெஞ்சு இறுதிக்கு வந்திருக்கிறார். 1959 இல் ரெனே ஷூர்மன் அவுஸ்திரேலிய இறுதியில் ஆடியிருக்கிறார். "திறந்த யுகத்தில்", அதாவது தொழில்முறை வீரர்களும் கிராண்ட் ஸ்லாமில் ஆடலாம் என்று 1968 இல் அனுமதி வந்ததற்குப் பிறகு என்று ஒரு சொல்லைச் சேர்த்தால்தான் அந்த வரி சரியாகும். இன்னொரு வேடிக்கை: 1954 இல் விம்பிள்டன் ஆண்கள் பட்டம் எகிப்தின் பெயரில் பதிவாகியிருக்கிறது! வென்றவர் யாரோஸ்லாவ் ட்ரோப்னி. செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து வெளியேறியவர், எகிப்து அவருக்குக் குடியுரிமை கொடுத்திருந்தது. எகிப்துக்காக வென்றார், ஆனால் அரபியர் அல்ல. காக்காவுக்கு இதைச் சொன்னபோது அவருக்கே சுவாரசியம் வந்துவிட்டது. அன்றிரவு இருவருமாக ட்ரோப்னியைப் பற்றித் தேடிக்கொண்டிருந்தோம்.

அதைவிட முக்கியமாக, ஒன்ஸுக்கு முன்னால் ஸலீமா ஸபர் இருந்தார். அவரும் துனீசியர்தான். 2001 இல் உலகின் 75 ஆவது இடத்துக்கு வந்தவர்; முதல் நூறுக்குள் வந்த முதல் அரபுப் பெண். அவர் பெயரை அதற்கு முன் நான் கேள்விப்பட்டதே இல்லை. ஒன்ஸ் குழந்தையாகப் பந்து பிடிக்கப் பழகிக்கொண்டிருந்தபோது, தன் நாட்டுப் பெண்ணொருத்தி விம்பிள்டனில் ஆடுகிறாள் என்பது அவருக்குத் தெரிந்த செய்தியாக இருந்திருக்கும். ஒன்ஸுக்குப் பின்னால் எகிப்தின் மயார் ஷெரீப் வந்தார். 2022 இல் இத்தாலியின் பார்மாவில் பட்டம் வென்றார். எகிப்தியப் பெண்ணொருவருக்கு அது முதல் உலகச் சுற்றுப் பட்டம்.

ஆக, ஓடியது ஒரு ஆள் மட்டுமல்ல. நான் காக்காவிடம் சொன்னது இதுதான்: "நூற்று அறுபத்தேழு எண்ட கணக்க ஒரு நாளைக்கு யாராவது நூற்று அறுபத்தெட்டு எடுத்தா அழிச்சிரலாம். முதலாவதா வந்தத அழிக்க ஏலாது காக்கா. அதுக்குப் பின்னால ஆள் வர வரத்தான் அது பெருசாகும்." காக்கா, "வசனம் நல்லாத்தான் இரிக்கி, தமிழ்த்தினப் போட்டிக்குப் போ" என்றார்.

மூன்று இறுதிப் போட்டிகளைப் பற்றி எழுதாமல் இந்தக் கட்டுரை முடியாது.

முதலாவது, நான் மேலே சொன்ன 2022 விம்பிள்டன். அரையிறுதியில் ஒன்ஸ் வென்றது தன் நெருங்கிய தோழியும் இரு பிள்ளைகளின் தாயுமான தத்யானா மரியாவை. ஆட்டம் முடிந்ததும், தோற்றவரைத் தனியே போக விடாமல், கையைப் பிடித்து மைதானத்தின் நடுவே இழுத்து வந்து, கைதட்டலை அவருக்கும் பங்கு கொடுத்தார். விம்பிள்டன் பெண்கள் கேடயத்தின் படத்தைத் தன் கைபேசித் திரையில் வைத்திருந்தார் அப்போது. இறுதியில் அவரை வென்றது எலேனா ரிபாகினா. கஸகஸ்தானுக்கு ஒற்றையர் கிராண்ட் ஸ்லாம் பெற்றுக்கொடுத்த முதல் ஆள் அவர். அன்று வலையின் மறுபக்கத்திலும் ஒரு "முதலாவது" நின்றிருக்கிறது. குசினிப் படியில் இருந்தபோது எனக்கு இது தெரியாது. துனீசியாவில் அன்றுதான் ஹஜ் பெருநாள்.

இரண்டாவது, அதே வருடம் செப்டெம்பரில் அமெரிக்கப் பகிரங்கப் போட்டி. இகா ஸ்வியாடெக் 6-2, 7-6. அந்த ஆட்டத்தில் எதிராளி உண்மையிலேயே மேலானவர்.

மூன்றாவதுதான் கொடுமை. 2023 விம்பிள்டன். காலிறுதியில், ஒரு வருடத்துக்கு முன் தன்னைத் தோற்கடித்த அதே ரிபாகினா. முதல் செட்டைத் தோற்றுவிட்டு வென்றார். அரையிறுதியில் அரினா ஸபலெங்கா. அதிலும் முதல் செட்டைத் தோற்று, இரண்டாவதில் பின்தங்கி, பிறகு வென்றார். இறுதியில் எதிரே நின்றவர் மார்கெட்டா வொண்ட்ரூஷோவா. உலகில் 42 ஆம் இடம், தரப்படுத்தல் பட்டியலிலேயே இல்லாதவர். இம்முறை எங்கள் வீட்டில் தொலைக்காட்சி எனக்குத்தான். காக்காவும் பக்கத்தில். முதல் செட்டில் ஒன்ஸ் 4-2 என்று முன்னணி. அதற்குப் பிறகு ஒரு கேம் கூட இல்லை, 4-6. இரண்டாவது செட்டில் 3-1 என்று முன்னணி. அதுவும் 4-6. பந்துகள் வலையில் போய் முட்டிக்கொண்டே இருந்தன. எதிராளி வென்றார் என்பதைவிட, இவரது கை இறுகிப்போனது கண்ணுக்குத் தெரிந்தது. பரிசளிப்பில் ஒலிவாங்கியின் முன் நின்று அழுதார். தன் விளையாட்டு வாழ்வில் இதுதான் மிகவும் வலித்த தோல்வி என்றார். வொண்ட்ரூஷோவா தரப்படுத்தப்படாமல் விம்பிள்டன் வென்ற முதல் பெண்ணானார். அந்தப் பதிவிலும் தோற்றவர் பெயராக ஒன்ஸ் இருக்கிறார்.

மூத்தம்மா வாசலில் இருந்து எட்டிப் பார்த்து, "யாரு கா இந்தப் புள்ள, இப்புடி அழுறா?" என்று கேட்டார். முஸ்லிம் பிள்ளை என்றேன். உடுப்பைப் பார்த்து முகம் சுளித்தார். அந்தக் கேள்வி என்னிடமும் தோழிகள் கேட்டதுதான். உடை விடயத்தில் நான் அவரைப் பின்பற்றவில்லை. எங்கள் வலைப்பந்து அணி நீளக் காற்சட்டையும் பர்தாவும் அணிந்துதான் ஆடுகிறது, நன்றாகவே ஆடுகிறது. அவரிடம் நான் எடுத்துக்கொண்டது வேறு. மூத்தம்மா கடைசியில், "அல்லாஹ் அவக்கு நல்லதக் குடுக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் எடுத்துக்கொண்டது என்ன என்பது கொப்பியைப் புரட்டினால்தான் தெரியும். 2018 இல் மொஸ்கோவில் தன் முதல் உலகச் சுற்று இறுதியில் தார்யா கஸாட்கினாவிடம் தோற்கிறார். 2021 இல் பேர்மிங்ஹாமில் முதல் பட்டத்தை வென்றது அதே கஸாட்கினாவிடம். 2022 இல் சார்ள்ஸ்டன் இறுதியில் பெலிண்டா பென்சிச்சிடம் தோற்கிறார். 2023 இல் அதே சார்ள்ஸ்டனில், அதே இறுதியில், அதே பென்சிச்சை வெல்கிறார். ரிபாகினா கதை மேலே உண்டு. தோற்ற இடத்துக்குத் திரும்பவும் போகிறவர். வொண்ட்ரூஷோவாவையும் அவ்வருட இறுதியில் மெக்சிக்கோவின் கன்கூனில் வென்றார். ஆனால் அந்த வெற்றிக்குப் பிறகும் அழுதார், வேறு காரணத்துக்காக. காஸாவில் குழந்தைகள் சாகும்போது இந்த வெற்றியால் மகிழ முடியவில்லை என்று மைதானத்திலேயே சொல்லி, பரிசுப் பணத்தில் ஒரு பகுதியைப் பலஸ்தீன மக்களுக்குத் தருவதாக அறிவித்தார். அன்று காக்கா பல்கலைக்கழக விடுதியிலிருந்து அந்தக் காணொளியை எனக்கு அனுப்பியிருந்தார். கூட ஒரு சொல்லும் எழுதவில்லை.

கிராண்ட் ஸ்லாம் தளத்துக்கு மட்டும் அவரால் அப்படித் திரும்பி வர முடியவில்லை. தோளும் முழங்காலும் விடவில்லை. 2025 விம்பிள்டனில் வெப்பத்தில் மூச்சு விடக் கஷ்டப்பட்டு முதல் சுற்றிலேயே விலகினார். அதே ஜூலையில், சில காலமாக மைதானத்தில் மகிழ்ச்சியாக இல்லை, ஓய்வெடுக்கப் போகிறேன் என்று அறிவித்தார். மகிழ்ச்சி அமைச்சர் அப்படிச் சொன்னதை வாசித்தபோது சாதாரண தர முடிவு வந்த சந்தோசம்கூட எனக்குக் கொஞ்சம் குறைந்துபோனது. அதை எழுதிவிட்டுக் கொப்பியை மூடி, அலுமாரிக்குள் வைத்துவிட்டேன்.

இவ்வருட இல்ல விளையாட்டுப் போட்டியில் எனக்குப் பதிவு மேசையில் வேலை. நீளம் பாய்தல் மணல்குழிக்குப் பக்கத்தில் குடைக்குக் கீழே, டீச்சர் அளந்து சொல்லச் சொல்ல நான் எழுத வேண்டும். மேற்பிரிவில் பதினொரு பேர். ஏழாவதாக வந்தது பத்தாம் தரத்துப் பிள்ளையொருத்தி. மெலிந்த, அதிகம் பேசாத பிள்ளை. மூன்றாவது பாய்ச்சலில் அவள் விழுந்த இடத்தைப் பார்த்ததுமே டீச்சர் நாடாவை இரண்டு முறை பிடித்துப் பார்த்தார். "நாலு தசம் நாலு மூணு" என்றார். பிறகு, "சாதனைப் பதிவேட்டை எடுங்க மகள்" என்றார்.

எடுத்தேன். மட்டை கிழிந்த, மாஸ்கிங் டேப் ஒட்டிய பெரிய புத்தகம் அது. நீளம் பாய்தல் பக்கத்தில் பழைய பெயர்கள் ஒவ்வொன்றாக வெட்டப்பட்டிருந்தன. கடைசியாக வெட்டப்படாமல் இருந்தது உம்மாவின் பெயர். அடிமட்டத்தை வைத்து அதன் மேல் ஒரு கோடு கீறினேன். கோடு நேராகத்தான் வந்தது. கீழே அந்தப் பிள்ளையின் பெயரையும், 4.43 என்பதையும், வருடத்தையும் எழுதினேன். ஒலிபெருக்கியில் புதிய பெயரோடு சேர்த்துப் பழைய பெயரையும் வாசித்தார்கள். 1997 என்று கேட்டதும் கூடாரத்துக்குள் இருந்த பிள்ளைகள் "ஓ" என்று சத்தமிட்டார்கள். தாங்கள் யாரும் பிறக்காத வருடம்.

பின்னேரம் வீட்டுக்குப் போனதும் இதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல் சப்பாத்தைக் கழற்றாமலே நின்றேன். உம்மா முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார்.

"எவ்வளவு?" என்று கேட்டார்.

"நாலு தசம் நாலு மூணு."

"அஞ்சு சென்ரிமீற்றர்." கொஞ்சம் யோசித்தார். "மண் நல்லாப் பதமாக் கிடந்ததா? காத்து எந்தப் பக்கம்?"

சொன்னேன். எத்தனையாவது பாய்ச்சல், எந்தக் காலில் எழும்பினாள், கையை எப்படி வீசினாள் என்று கேட்டுக்கொண்டே போனார். 4.38 ஐப் பற்றி ஒரு சொல் இல்லை. நான் உம்மாவின் பெயரை வெட்டியதைச் சொன்னபோது, "பின்ன, வெட்டத்தானே வேணும்" என்றார்.

பிறகுதான் கேட்டார். "அந்தப் புள்ள வலயத்துக்குப் போகுதா?"

இல்லை என்றேன். டீச்சர் அவளிடம் கேட்டபோது நானும் பக்கத்தில்தான் இருந்தேன். போட்டி தூரத்து ஊரில், விடிய ஐந்து மணிக்கு வெளிக்கிட வேண்டும், வாப்பா விடமாட்டார் என்று நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

உம்மா எழும்பி, உலையை இறக்கி வைத்தார். உள்ளே போய் அபாயாவைப் போட்டுக்கொண்டு வந்தார். மஃரிபுக்கு இன்னும் முக்கால் மணித்தியாலம் இருந்தது.

"சப்பாத்தக் கழட்ட வேணாம் மகள்," என்றார். "அந்தப் புள்ளட ஊடு எந்த ஒழுங்கையில எண்டு காட்டுங்க."